பதினேழாம் தகடு

மண்டபத்தில் கடல் இரண்டு.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
இரண்டிலும் இரும்பைத் தொங்கவிட்டுச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.

உள்ளங்கை அகலத் தகடுகள்,
நைலான் கயிற்றில் முடிந்து
மூங்கில் சட்டத்தில் வரிசையாக.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பூச்சு, ஒரு தேதி.
பத்து வரைக்கும் கச்சா எண்ணெயின் பிள்ளைகள்.
பதினொன்று முதல் பதினாறு ஆமணக்கு, புன்னை,
பெயர் சொல்லக்கூடாத ஒரு கலவை.
பதினேழு,
முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் கிடந்த கறுப்பு.

பண்ருட்டிப் பக்கமிருந்து டிரம் வந்த அன்று
மோந்து பார்க்க மூடியைத் திறந்தேன்.
மணிக்கட்டில் ஒரே சொட்டு.
மூன்றாம் நாள் அந்த இடம்
எண்ணெயில் போட்ட அப்பளமாகப் பொங்கியது.
கொட்டை உடைக்கும் பெண்கள்
கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்களாம்.
ஓர் எண்ணெய்க்கு இன்னோர் எண்ணெய் காவல்.
டிரம்மோடு வந்த தாளில்
அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
பிசுக்கு எவ்வளவு, அடர்த்தி எவ்வளவு,
அவ்வளவுதான்.

ஐப்பசியில் பூசினோம். அறைக்குள்ளேயே மழை வாசம்.
மற்ற பூச்செல்லாம் விடிந்தும் பிசுபிசுத்து
மேலே பால் ஆடைபோல் வெளுத்து நிற்க
இது மட்டும் ஒரே ராத்திரியில் இறுகியிருந்தது.
நகத்தால் கீறினேன்.
நகம்தான் தேய்ந்தது.

ஆமணக்கில் செய்த கிரீஸ் ஒரு டப்பா
லாசரின் விசைப்படகுக்குக் கொடுத்திருந்தேன், விஞ்சுக்குப் போட.
பத்து நாளில் ஜெட்டியில் நின்று கத்தினான்:
"நீ குடுத்ததுக்கு எறும்பு ஏறுது.
அப்பன் காலத்துலேருந்து கடலுக்குப் போறேன்,
படகுல எறும்பு பாத்தது இப்பத்தான்."
விஞ்சு எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டேன்.
"அது நல்லாத்தான் சுத்துது.
அதுக்காக எறும்பையும் கூட்டிட்டுத் தங்கலுக்குப் போகவா?"
சித்திரை வெயிலில் அதுவே
கருப்பட்டிப் பாகாகக் கெட்டிப்பட்டது.
அதையும் எழுதிக்கொண்டேன்.

கச்சான் விழுந்த மாதம் சட்டங்களை ஏற்றினோம்.
எல்லாவற்றிலும் கொட்டலசு.
கடலுக்குள் இருந்து வந்தது மண்ணெண்ணெய்க் குடும்பமா
மரத்துக் குடும்பமா என்று
அதற்கு என்ன கவலை?
சுரண்டி எடுத்த பிறகுதான் தகட்டின் முகம்.

வடகடல் பதினேழு:
தேயிலை நிறம் ஏறியிருந்தது. துரு இல்லை.
தென்கடல் பதினேழு:
வலது மூலையில் கொப்புளம்,
ஒரு பட்டாணி அளவு.
குத்தினேன். தண்ணீர். அடியில் சிவப்பு.

தோற்றது கொட்டை எண்ணெய் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.
லென்ஸை வைத்தபோது
துருவுக்கு ரேகை இருந்தது.
வளைந்து வளைந்து,
நடுவில் பழைய வெட்டுத் தழும்போடு.
என் பெருவிரல்.

மணல் வீசித் தேய்த்த இரும்பை
அன்று கரண்ட் போன அரைமணி நேரம்
கையுறையில்லாமல் பிடித்திருக்கிறேன்.
விரல் அளவு வியர்வை, அதில் துளி உப்பு.
அதற்கு மேல்தான் பூசியிருக்கிறேன்.
வெளியே இருந்த உப்பு
உள்ளே இருந்த உப்பைத் தேடி
பதினோரு மாதம் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

தூத்துக்குடி ஆபீஸில் இருந்து போன்.
"மூலையை வெட்டிட்டு போட்டோ எடுங்க மேடம்."
வெட்டவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஆய்வாளரின் பெருவிரல் என்று எழுதினேன்.
கையெழுத்திடும்போது
மணிக்கட்டின் கறுத்த வடு
தாளின்மேல் கிடந்தது.

சாயங்காலம் லாசர் வந்தான்.
"மிச்சம் இருந்தா குடு,
அணியத்துல பெயிண்ட் உரிஞ்சு கிடக்கு."
எது வேண்டும் என்றேன்.
"அந்தப் பதினேழு."
டப்பாவை வாங்கிக்கொண்டு
கொஞ்சம் யோசித்து நின்றான்.
"இதுக்கு எறும்பு வராதுல்ல?"