வந்த நோக்கம்

பாலக்கோடு கிளை நூலகத்தில்
வருகைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்
வந்த நோக்கம்.
காலையில் முதல் ஆளாக வருகிறவர்
வாசிப்பு என்று எழுதிவிட்டால்
இரவு எட்டு மணி வரை அதற்குக் கீழே
சின்னச் சின்ன இரட்டைக் கோடுகள்தான்,
சர்க்கரைக்குப் போகும் எறும்பு மாதிரி.

சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரை
பதிமூன்று முதல் பதினெட்டு வயதுக்கு ஒதுக்குக
என்றது சுற்றறிக்கை.
எதை வைத்து என்று சொல்லவில்லை.
தக்காளி மண்டியில் கேட்டு வாங்கிய
ஆறு பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டேன்.
ஒரு கணினி.
ஒரு செஸ் பலகை, அதில்
கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோனதால்
பேனா மூடி.
'அமைதி காக்கவும்' என்ற பலகையை
அந்த இரண்டு மணி நேரம்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

மாடியில் படிக்கும் போட்டித்தேர்வு அண்ணன்கள்
மூன்று முறை இறங்கி வந்து முறைத்தார்கள்.
நாலாவது முறை ஒருவர் கேட்டே விட்டார்:
"இது நூலகமா, சந்தையா?"
பெட்டிகளைப் பார்த்தால்
சந்தேகம் நியாயம்தான்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சட்டம்:
இரட்டைக் கோடு போடக் கூடாது.
உள்ளதை எழுதுங்கள், திட்ட மாட்டேன்.

மாதேஷ் எழுதினான்: போனுக்கு சார்ஜ்.
அவன் தம்பி: அண்ணன் வந்தான்.
கிரிசாந்த்: வீட்டில் அறை ஒன்று, ஆள் ஆறு.
நஸ்ரின்: ஃபேன்.
போனவள் திரும்பி வந்து சேர்த்தாள்: அப்புறம் எரிமலை.
(எரிமலைக்கு எங்களிடம் இருப்பது ஒரே புத்தகம்.
ஏழு முறை எடுத்திருக்கிறாள்.)
அதற்கும் கீழே எவனோ
நஸ்ரின் என்று எழுதி
தாள் கிழியும் வரை அடித்திருந்தான்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது
ஒருத்தி வந்தாள். பெயரை இங்கே எழுத மாட்டேன்.
பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், நகல் வேண்டும்,
பிறந்த தேதி தெளிவாக விழணும் மேடம் என்றாள்.
எங்கள் இயந்திரம் நடுவில் கறுப்புக் கோடு இழுக்கும்.
மூன்றாவது தாளில்தான் தேதி தப்பித்தது.
கழுத்தில் புதுச் செயின்.
நல்லா இருக்கே என்று சொல்ல வாயெடுத்தவள்
முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

நோக்கம் கட்டத்தில் எழுதினாள்:
ஒரு போன் பேச.

மேசைத் தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினேன்.
நான்கே எண்கள் அழுத்தினாள்.
நான் எழுந்து போய்
புவியியல் அடுக்கைச் சரிசெய்தேன்,
சரியாக இருந்ததை.
பேனா மூடி நேராகப் போகுமா குறுக்கே போகுமா என்று
பையன்களுக்குள் பெரிய சண்டை.
வாழ்க்கையில் முதல்முறையாக
நூலகத்தில் சத்தம் போதாது என்று நினைத்தேன்.
அதையும் மீறி
"பதினாறு" என்று அவள் சொன்னது கேட்டது.
இரண்டு முறை.

மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை.
ஆவணி பிறந்துவிட்டது.
பஸ் நிலையத்துச் சுவரெல்லாம் கல்யாண பேனர்.
ஒவ்வொரு மணப்பெண்ணையும்
நின்று, கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான்
வேலைக்கு வந்தேன்.

நடுவில் ஆய்வுக்கு வந்த அலுவலர்
பதிவேட்டைப் புரட்டி, ஃபேனுக்குச் சிரித்தார்.
"இதெல்லாம் ஒரு நோக்கமா மேடம்?"
ஒரு போன் பேச என்ற வரியில் விரல் நின்றது.
"இது?"
"ஆமாங்க சார்" என்றேன்.
என்னைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார்.

நாலாவது வாரம் மூன்றேகாலுக்கு
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.
செயின் இல்லை.
பள்ளி அடையாள அட்டையின் நீல நாடா.
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
பேனாவை வாங்கி
நோக்கம் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்து
சும்மா
என்று எழுதினாள்.

மாத அறிக்கைப் படிவத்தில்
சும்மாவுக்கு இடம் கிடையாது.
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பெட்டியைத் தரதரவென்று இழுத்து
செஸ் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
இந்த மூடி என்ன என்று கேட்டாள்.

"யானை!" என்று ஐந்து பேர் கத்தினார்கள்.
மாடியில் நாற்காலி நகரும் சத்தம்.