பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்

தாலிக்கொடியைச் சட்டைப்பின்னால்
உள்ளே குத்திக்கொண்டு
வலைப்பந்துக் கம்பத்தடியில் நின்றாள் அம்மா.
டொரிங்டன் மைதானம். வங்கிகளுக்கிடையிலான போட்டி.
எதிரணிக்காரி
அவளைவிட ஒரு சாண் உயரம்.

முப்பத்தொன்றுக்கு ஒன்பது.
தோல்விதான்.

பலகையில் எவரும் எழுதாத கணக்கொன்றை
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
கோடு கோடாய்ப் போட்டுவைத்திருந்தேன்:
அம்மா எம்பித் தட்டிவிட்டவை
பதினேழு.

வெள்ளவத்தை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
மேல்கம்பியை ஒற்றைக் கையால் பிடித்தபடி
"பருப்பு முடிஞ்சுது,
கடையடியில இறங்குவம்" என்றாள்.

பம்பலப்பிட்டிச் சந்தியில்
சாரதி திடீரென்று பிரேக் அடித்தான்.
முன்னால் பறந்த என்னை,
யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள்
திரும்பாமலே
கொலரில் பிடித்து நிறுத்தினாள்.

பென்சிலைத் தேடி எடுத்தேன்.
இன்னொரு கோடு.