இரவுச் சன்னல்

எட்டு மணிக்கு மேல் மருந்துக்கடைக் கதவு திறப்பதில்லை.
மணியை அடித்தால் நான் வருவேன்.
கதவில் ஒரு சின்னச் சன்னல்,
மருந்துப் பெட்டி நுழையும் அகலம்,
அவசரமானால் ஒரு முழங்கை.
ஸ்ட்ரால்சுண்டில் இன்றிரவு முறை எங்களுடையது.

முதலில் வந்தவர் டீட்மார், படகுப் பட்டறைக்காரர்.
மகனுக்கு நாலு வயது, இருமல்.
ஐவி இலைச் சாறு கேட்டார்.
"இலைதானே,
கூடக் கொஞ்சம் போனால் பாதகமில்லையே?"
அரளியும்கூட இலைதான் விடுகிறது
என்று சொல்ல வாயெடுத்து
அளவு குறித்த கரண்டியை நீட்டினேன்.

அடுத்து ஒரு தாய்.
தோளில் சாய்ந்த பையனின் காதோடு
ஒரு காலுறை கட்டியிருந்தது,
உள்ளே நறுக்கிய வெங்காயம்.
நேற்றிலிருந்து மூன்று வெங்காயம் ஆயிற்றாம்,
காய்ச்சல் முப்பத்தொன்பதரை.
ஆன்டிபயாட்டிக் சீட்டை நீட்டும்போது
திருடியதைத் திருப்பித் தருகிறவள்போல்
கையை வேகமாக இழுத்துக்கொண்டாள்.
காலுறையைக் கழற்றச் சொல்லவில்லை நான்.
அதன் சூட்டில் கன்னம் வைத்துத்
தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாக ஐந்து நிமிடம். நவம்பர் மழை.
பதினாறு வயதிருக்கும், தொப்பிக்குள் பாதி முகம்.
கசக்கினால் விரலில் சிவப்பு ஒட்டும் அந்த மஞ்சள் பூ,
யோஹானிஸ் பூண்டு,
மாத்திரையாக வேண்டும் என்றாள்.
யாருக்கு? "எனக்கு."
எதற்கு? துறைமுகப் பக்கம் பார்த்தாள்.
"காலையில் எழ முடியவில்லை."
வேறு மருந்து ஏதும்?
"இல்லை."
எல்லாரும் சொல்லும் அதே இல்லை.

பெட்டியைப் பாதி வெளியே நீட்டியும் விட்டேன்.
அவள் பைக்குள் அலாரம் அடித்தது.
பேச்சை நிறுத்தாமல்
தகர டப்பாவைத் திறந்து,
மூடியில் ஒட்டியிருந்தது பெயர், ஃபென்யா,
ஒரு காப்ஸ்யூலைத் தண்ணீரின்றி விழுங்கினாள்,
சரியும் மூக்குக்கண்ணாடியை
மற்றவர்கள் ஏற்றிவிடுவதுபோல்.

"அது என்ன?"
"இதுவா? இது மருந்தில்லை.
சிறுநீரகத்துக்கு.
அப்பாவுடையது, ஏழு வருஷமாக என்னிடம்."

பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டேன்.
அந்தப் பூ ஈரலை முடுக்கிவிடும்,
காப்ஸ்யூல் வேலை தொடங்குமுன்னே
ஈரல் அதை வாசலுக்குத் தள்ளிவிடும்,
பிறகு உன் உடம்பு
உன் அப்பாவை அந்நியர் என்று கண்டுகொள்ளும்
என்றேன்.
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

"பூதானே" என்றாள்.
பிறகு குரல் உடைந்து உயர்ந்தது.
"எனக்குள் போவதெல்லாம் யாரோ எழுதித் தந்தது.
எவ்வளவு உப்பு, எத்தனை லிட்டர் தண்ணீர்,
பம்பளிமாசு கூடவே கூடாது.
ஒன்றே ஒன்று
நானாக வாங்க வந்தேன்."

முதுகுக்குப் பின்னால் எழுபது மூலிகைப் பெட்டி.
தடித்த புத்தகத்தை எடுத்து
ஒவ்வொரு பெயராக விரலை ஓட்டினேன்.
பதினெட்டு வயதுக்குக் கீழ்: போதிய தரவில்லை.
போதிய தரவில்லை.
போதிய.
புத்தகத்தை மூடினேன்.
அவள் போகவில்லை.

"எழ முடியாததை டாக்டரிடம் சொன்னாயா?"
"அவர் எண்களைத்தான் கேட்பார்.
எண்கள் நன்றாக இருக்கின்றன."
"பஸ் எத்தனை மணிக்கு?"
"ஒன்பது நாற்பது."

நாற்காலி நுழையாது அந்தச் சன்னலில்.
என் நாற்காலியை அதன் அருகே இழுத்துப் போட்டேன்.
மூடவில்லை. குளிர் உள்ளே வந்து
ரசீதுகளைப் புரட்டியது.
"எத்தனை நாளாக?" என்றேன்.

ஈர விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.
ஒரு கை முடிந்து
அடுத்த கைக்குப் போனாள்.
"ஈஸ்டருக்கு முன்னாலிருந்து" என்றாள்.