லிஃப்ட் ரிப்பேர்

செவ்வாய்க்கிழமை ஒரு பெண் போன் செய்தாள்.
பத்திரிகையாம். குரலில் பரிவை அளவாகப் போட்டிருந்தாள்,
ஓட்டல் சாம்பாரில் பெருங்காயம் மாதிரி.
"அந்த சீரியலில் நடித்தவர்களில் இப்போது
நீங்கள் மட்டும்தானா சார் இருக்கிறீர்கள்?"
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.
அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னேன்:
அப்படித்தான் போலிருக்கிறது.

ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. நான் வந்தது பதினொன்றில்.
சயான் கோலிவாடாவிலிருந்து லைட் தூக்கப் போனவன்.
மெக்கானிக் வேஷக்காரர் அன்று வரவில்லை.
காக்கிச் சட்டை எனக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.
ஸ்பேனரை ஆட்டிக்கொண்டு வருவேன்,
"கல் பக்கா" என்பேன். நாளைக்கு நிச்சயம்.
லிஃப்ட் ஒரு நாளும் ஓடவில்லை.
அட்டையில் செய்தது எங்கே ஓடும்.

முதலில் போனவர் வசந்த் பேண்ட்சே, சொசைட்டி செக்ரட்டரி.
கடைசி எபிசோடுக்குப் பாதி டப்பிங் பேசிவிட்டு
மிச்சம் நாளைக்கு என்று கிளம்பினார்.
பரேல் தாண்டி, ஜன்னலோர சீட்டில்.
தூங்குகிறார் என்று கல்யாண் வரை விட்டுவிட்டார்கள்.
கவனித்துப் பாருங்கள்,
கடைசிப் பத்து நிமிடம்
அவர் வாயசைவுக்கு வேறு யாரோ கோபப்படுவார்.

கெர்சி. நாலாம் மாடிக் கிழவர்.
அப்போது அவருக்கு முப்பத்தாறு,
பவுடர் கொட்டித்தான் நரைக்க வைத்தார்கள்.
நிஜமாகவே நரைத்த பிறகு யாரும் கூப்பிடவில்லை.
கிழவர் மாதிரி இல்லையே என்றார்களாம்.
மலபார் ஹில்லில், அந்த மரங்களுக்குக் கீழே,
ஓர் இடம் வரைக்கும் போனோம்.
அதற்கு மேல் அவர்கள் ஆட்கள் மட்டும்.
முகத்தைப் பார்த்தேன். பவுடர் இல்லை.

பையன் ஒருவன் உண்டு, பந்தால் கண்ணாடி உடைப்பவன்.
நியூஜெர்சியில் பல் டாக்டர்.
அது நானில்லை என்கிறானாம்.
அவனை எந்தக் கணக்கில் எழுத?

போன மாதம் சுலபா கர்ணிக்.
வாராவாரம் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு
ஐந்து மாடி ஏறி, மாடிக்கொரு வசவு விட்டவள்.
தாதரில் அவள் வீடும் ஐந்தாம் மாடி.
கீழே போய்ப் பார்த்தால்
லிஃப்ட் கதவில் அட்டை தொங்குகிறது:
பந்த் ஆஹே.

ஆறு பேர் சுமந்து இறக்கினோம்.
திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்து, நிமிர்த்தி.
இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது
அவள் மகன் என்னையே பார்த்தான்,
காக்கி இல்லாமலும் கண்டுபிடித்துவிட்டான்.
முதலில் அவன் தோள்தான் குலுங்கியது.
அழுகை என்று நினைத்தேன்.
எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த வசனம்.
பல்லைக் கடித்துக்கொண்டு
பிணத்தின் கால் பக்கத்தைப் பிடித்தேன்.

ராத்திரியில் தெய்வானை போனில் அதைப் போட்டுப் பார்க்கிறாள்.
சிரிப்புச் சத்தம் பதிவு செய்ய
அன்று முப்பது பேரை உட்கார வைத்தார்கள்.
தலைக்குப் பன்னிரண்டு ரூபாய், ஒரு சமோசா.
இவளும் போனாள். கல்யாணமாகி நாலு மாதம்,
இந்தி ஒரு சொல் தெரியாது.
பக்கத்து ஆள் வாயைப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள்.
எல்லாரும் ஓய்ந்த பிறகு
தனியாக ஒரு சிரிப்பு வரும், கிண்ணம் உருண்ட மாதிரி.
ரெக்கார்டிஸ்ட் திட்டினான். வெட்டத்தான் மறந்துவிட்டான்.

இப்போது அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.
சுலபா வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிடுகிறாள்.
பிறகு சுலபா சொல்கிறாள்,
கெர்சி முழிக்கிறார், பேண்ட்சே குடையை ஓங்குகிறார்,
அரங்கமே சிரித்து முடிக்கிறது.
அதன் பிறகு வருகிறது கிண்ணம்.
இருபது வயசு, தாமதமாக.
இவள் அதைக் கேட்டு
யாரடீ இவ என்கிறாள்.

அந்தப் பெண் இன்னும் லைனில் இருந்தாள்.
போட்டோ எடுக்க வரலாமா சார், நாளைக்கு?
எதைச் சொல்லுவேன் என்று காத்திருந்தது
மூச்சிலேயே தெரிந்தது.
நாளைக்கு முடியாதும்மா என்றேன்,
கரண்ட் பில் கட்டணும்.
வியாழக்கிழமை வா.
மூணு மாடி. படியேறித்தான் வரணும்.