வெறும் எடை

புளியரை எடைமேடைக்குப்
பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் கணக்கில்லை.
ஒரு கட்டு வைக்கோல் சரிந்து விழுந்தாலும்
அதற்குத் தெரியாது.
திருவனந்தபுரத்திலிருந்து வந்த மறுவாரம்
லாரி இல்லாத நேரம் பார்த்து
நானே ஏறி நின்றேன்.
ஐம்பது என்றது.
இறங்கி, சாவிக்கொத்தைக் கழற்றி வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
நாற்பது.

முப்பத்து மூன்று நாள் கதிர்.
முகத்துக்கு அளவெடுத்த வலைமூடி,
திருகி மேசையோடு பூட்டிவிடுவார்கள்.
பிறகு மூக்கு வழியே ஒரு குழாய்.
அதில் பால், அதில் மாத்திரைப் பொடி.
ஜுலைகா ஊசிக்குழலை உயர்த்திப் பிடித்து
"இன்னிக்கு நோன்புக் கஞ்சி" என்பாள்,
பள்ளிவாசலில் வாங்கி அரைத்து
மூன்று தடவை வடிகட்டியது.
வயிற்றில் சூடு வந்து சேரும்.
வாய்க்குச் சேதி போகாது.

குழாய் எடுத்த அன்று
விழுங்கக் கற்றுத்தந்த பெண், கொட்டாரக்கரைக்காரி,
தாடையை நெஞ்சுக்குத் தாழ்த்தச் சொன்னாள்.
விழுங்கு. இன்னொரு தடவை விழுங்கு. செருமு.
பதுக்கே, பதுக்கே.
ஐம்பத்து நான்கு வயதில்
ஒரு ஸ்பூன் தயிருக்கு இத்தனை சட்டம்.

எச்சில் இல்லை.
இருந்தவரை யார் அதை மதித்தார்கள்?
ரோட்டோரம் எவ்வளவோ துப்பியிருக்கிறேன்.
இட்லி மணலானது.
முட்டையின் மஞ்சள் சுண்ணாம்பாய் அப்பிக்கொள்ள
ஜுலைகா முதுகில் தட்டத் தட்ட
கண்ணில்தான் தண்ணீர் வந்தது.
அன்றிலிருந்து எதுவானாலும் மிக்ஸிக்குள்.
சோறு, சாளை மீன், புடலங்காய்,
எல்லாம் ஒரே சிமெண்ட் நிறம்.
பெருநாள் பிரியாணியையும் போட்டாள்.
போட்டுவிட்டு
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

மூன்றாம் மாதம் வேலைக்கு வந்தேன்.
மலையில் சாரல்.
ஆரியங்காவிலிருந்து வெறும் வண்டியோடு
தங்கச்சன் இறங்கி வந்தார்,
வைக்கோல் ஏற்ற, வழக்கம்போல.
வழக்கம்போல நியூஸ்பேப்பரில் பழம்பொரி.
அவருக்கு யாரும் சொல்லவில்லை.
"எந்தா பாயி, பாதியாயிப் போயல்லோ?"
எனக்குக் குரல் காற்றாகத்தான் வரும்.
சிரித்துவைத்தேன்.

மாவுத்தோலை உரித்தேன்.
உள்ளே ஏத்தன்பழம், இன்னும் சூடு.
கட்டைவிரல் நகத்தளவு கிள்ளி
நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர்,
மென்றேன், மென்றேன்,
முப்பிடாதி கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எஸ் வளைவில் ஆக்ஸில் முறிந்த வண்டி மாதிரி
நடுவழியில் நின்றது.
பின்னால் மூச்சு வரிசை கட்டியது.
தாடையைத் தாழ்த்தினேன்.
வெளியே தங்கச்சன் சீட்டு கேட்டு ஹாரன் அடித்தார்.
அவருக்குப் பின்னால் மணல் லாரி,
அதற்குப் பின்னால் தக்காளி வண்டி,
எல்லாரும் அடித்தார்கள்.
விழுங்கு. இன்னொரு தடவை.
நிற்கட்டும், கேரளாவே காத்து நிற்கட்டும்.
செருமினேன்.

இறங்கியது.

இனிப்பு தெரியவில்லை. எண்ணெய்கூடத் தெரியவில்லை.
ஓரமுள்ள ஒரு பொருள்
தன் வடிவத்தோடு உள்ளே போனது,
அது தெரிந்தது.

வெறும் எடை ஏழாயிரத்து நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
மிச்சப் பழம்பொரியை முப்பிடாதி தின்றான்,
நான் உரித்துப் போட்ட தோலையும் சேர்த்து.

ராத்திரி, கழற்றிப் போட்ட சட்டையின் பையில்
எண்ணெய்க் காகிதம்.
ஜுலைகா எடுத்து முகர்ந்தாள்.
ஏசுவாள் என்று காத்திருந்தேன்.
ஒன்றும் கேட்காமல் அடுப்பங்கரைக்குப் போனாள்.
மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது,
வழக்கத்தைவிடச் சீக்கிரமே நின்றது.
தட்டில் சோறு வந்தது.
ரெண்டொரு பருக்கை
முழுசாகத் தெரிந்தது.