மூன்று பேருக்கான கூடாரம்

பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது:
மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம்.
நாங்கள் நான்கு பேர்.
லில்லிபாய் கணக்குப் போட்டாள்.
ஜெரிஷுக்கு அஞ்சு வயசு, அரை ஆள்.
ஆட்லினுக்கு ஒன்பது, முக்கால்.
"மிச்சத்துக்கு நீங்க காலை மடக்கிக்கிடுங்க."

என் கால் மடங்காது என்று அவளுக்குத் தெரியும்.
முப்பத்தியொரு வருடம் மின்கம்பம் ஏறிய கால்.
இப்போது நாற்காலியில் உட்காரவே
அதனிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

சலாலாவிலிருந்து பிரிசில்லா அழைத்தாள்.
"அப்பா, அஞ்சு நாளா? நடந்தா?
பிள்ளையளையும் கொண்டா?"
லில்லிபாய் போனை வாங்கி
"இங்க ஒண்ணும் கேக்கல மக்களே" என்று வைத்தாள்.
நன்றாகக் கேட்டது.

சிற்றாறு அணையில் தொடங்கி
பட்டணங்கால் சானல் போகிற வழியெல்லாம்
போவதென்று திட்டம்.
தண்ணீருக்கு வழி தெரியும்.
ஆடிச் சாரல்.
ரப்பர் மரங்களுக்கெல்லாம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள்.
ஆட்லின் எண்ணிக்கொண்டே வந்து
நானூற்றுப் பன்னிரண்டில் சலித்தாள்.
ஜெரிஷுக்கு யானை வேண்டும்.
சானல்கரைக்கு யானை வராது என்றதும்
இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.
முதல் நாள் அங்கேயே முடிந்தது,
அணையிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில்.

"பன்னி வரும், லைட்டு போட்டு வையுங்க"
என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்
அன்னாசித் தோட்டத்துக்காரர்.
பன்னி வரவில்லை. மழை வந்தது.
கூடாரத்துக்குள் அவர்கள் மூன்று பேர்,
பிறகு முட்டு வரைக்கும் நான்.
முட்டுக்குக் கீழே உள்ள நான்
இரவெல்லாம் வெளியே கிடந்தேன்.
விடிந்து பார்த்தால்
இடது காலில் ஐந்து அட்டை,
வலது காலில் ஒன்று.
"இந்தக் கால் டேஸ்ட் இல்ல போல, பாட்டா."
ஜெரிஷ் அதற்காக வருத்தப்பட்டான்.
யானையை அதோடு மறந்தான்.

மூன்றாம் நாள் மாத்தூர் தொட்டிப்பாலம்.
கீழே, நூறடிக்கும் கீழே, பறளியாறு.
பக்கத்துத் தொட்டியில் எங்கள் சானல்
ஆற்றைக் கண்டுகொள்ளாமல்
தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உயரம் எனக்குப் புதிதில்லை.
புயலடித்த மறுநாள்
கம்பத்து உச்சியில் பீடி பற்றவைத்தவன்.
பாதிப் பாலத்தில் கால் நின்றுவிட்டது.
முட்டுவலி இல்லை, வேறு ஏதோ.
தொட்டிச் சுவரைப் பிடித்த கை
என் சொல்லைக் கேட்கவில்லை.
லில்லிபாய் வெகுதூரம் முன்னே,
ஜெரிஷின் கையைப் பிடித்தபடி,
இடுப்பில் அரிசிப் பையோடு.

ஆட்லின் திரும்பி வந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
என் தோள்பையைக் கழற்றி மாட்டிக்கொண்டாள்.
என்னைப் பார்த்தபடியே
பின்பக்கமாக நடந்தாள்.
"கீழ பாக்காதீங்க. என் மூக்கப் பாருங்க."

ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கிற பாலத்தில்
நான் பார்த்தது இவ்வளவுதான்:
சின்ன மூக்கு,
அதன் நுனியில்
கொசு கடித்த சிவந்த தடிப்பு.

"என்ன இவ்வளவு நேரம்?" என்றாள் லில்லிபாய்.
"பாட்டா போட்டோ எடுத்தாங்க."
என் போன் முந்தாநாளே செத்துவிட்டது.
அது லில்லிபாய்க்கும் தெரியும்.
"நல்லா வந்துதா?" என்று கேட்டாள்.
"நல்லா வந்துது" என்றேன்.

கடல் வரைக்கும் போகவில்லை.
நாலாம் நாள் காலை
தண்ணீர் எங்களை விட்டுவிட்டுப் போனது.
கூடாரத்தை மடக்கினோம்.
பிரித்தோம், மறுபடி மடக்கினோம்,
ஜெரிஷை அதன் மேல் குதிக்கவிட்டோம்.
வந்த பைக்குள் அது திரும்பப் போகவே இல்லை.

டவுன் பஸ்.
மடியில் ஈரக் கூடாரம்,
அதற்குள் தோட்டத்து மண்,
அட்டையும் இருக்கலாம்.
"இது என்ன சாதனம்?" என்றார் கண்டக்டர்.
விளக்கிச் சொல்ல முதல்
லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார்.
பெண்களுக்கு இலவசம்.
அஞ்சு வயசுக்கு இலவசம்.
காசு கொடுத்துப் பயணம் செய்தது
நானும் கூடாரமும் மட்டும்தான்.