செக்ரோலில் ஒரு கட்டம்

பன்னிரண்டே வரி.
தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்கு ஒப்பிக்கிற கவிதை.
பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிறார்கள்,
ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை,
அந்த இடத்தில் பனி நிற்கிறது.
அவ்வளவுதான்.
எங்கள் படமோ இரண்டு மணி பத்து நிமிடம்.

மீதியைக் கவிஞர் சூசைமுத்துவின் வாழ்க்கையால்
நிரப்பச் சொன்னார் இயக்குநர் யோகேந்திரன்.
அதற்காகத்தான் லாபிஸுக்கு முன்கூட்டியே வந்தேன்.
தோட்டத்து ஆபீஸ் கொட்டகையில்
கறையான் விட்டுவைத்த செக்ரோல் புத்தகங்கள்.
கவிஞர் அங்கே சின்னக் கிராணி.
எண் நாற்பத்தேழு, பேச்சாயி.
அந்த மார்ச் மாதம் ஒன்பது சிலுவை,
ஒன்பது நாள் சம்பளம் வெட்டு.
கவிதைப் பிரதியில் பார்த்த அதே ஊதா மை,
அதே வலப்பக்கச் சாய்வு.
வேதக்காரர்; சிலுவை போடுவதில் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

"இத வெச்சா ஒருத்தரும் அழ மாட்டாங்க"
தே தாரிக் கிளாஸைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.
"அவரு அவள லவ் பண்ணாரு. அப்படியே போகட்டும்."
எழுதினேன். காதலுக்கு நாலு காட்சி,
மழைக்கு ஒன்று.

பால்மரம் கிடைக்கவில்லை. ஊரைச் சுற்றிச் செம்பனை.
சீனக் கோயிலுக்குப் பின்னால் பதினொரு மரம் மிச்சம்,
கேமராவை நகர்த்தி நகர்த்தி
முந்நூறு ஏக்கர் ஆக்கினோம்.
பெரட்டில் நிற்க வங்காளதேசத்து ஆட்கள் முப்பது பேர்.
"மாரிமுத்து" என்றால்
"வந்துட்டேங்க" என்று சொல்ல
ரஃபிக் அரைமணியில் பழகிவிட்டான்.

பேச்சாயியாக யுகாஷினி.
பஸ் ஸ்டேஷனுக்கு எதிர் சூப்பர்மார்க்கெட்டில்
கல்லாவில் இருப்பவள், ஒருநாள் லீவு போட்டு
விடிகாலை நாலுக்கே தலைத்துணியும் மங்கு வாளியுமாய்த் தயார்.

ஐந்தரைக்கு இயக்குநருக்குக் கவிதை புரிந்துவிட்டது.
"முகமே வேணாம். அந்த காலி எடம் போதும்."
ஒரு வாரமாய் நான் மன்றாடியது அதைத்தானே,
சந்தோஷத்தில் அவளை மறந்தேன்.
புகை மெஷின் பழுது; நிஜப்பனியே இறங்கியது.
வரிசையில் நாற்பத்தாறுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவே
வந்து நின்றது.
யாரோ கைதட்டினார்கள்.

சாயங்காலம் சம்பளப் பட்டியல் என் கையில்.
சின்னப் படம், எழுதியவனே கணக்கும் பார்க்கணும்.
திரையில் தெரிகிறவருக்கு எண்பது வெள்ளி,
தயாரிப்பாளர் போட்ட விதி.
பெயர் பெயராக இறங்கி வந்தேன்.
யுகாஷினி.
சிலுவையைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

எதிரே நின்றிருந்தாள்.
மேக்கப்காரர் வைத்த வியர்வை இன்னும் நெற்றியில்,
கையில் பிரிக்காத நாசி லெமாக்.

ஒன்றும் கேட்கவில்லை.
என் பர்சிலிருந்து ஐம்பதும் மூன்று பத்தும் கொடுத்தேன்.
எண்ணாமல் மடித்து மோட்டாரைக் கிளப்பினாள்,
நாளைக்குக் காலை ஷிப்ட்டாம்.

சூசைமுத்துவும் கொடுத்திருக்கலாம்.
கொடுக்காமலும் இருந்திருக்கலாம்.
செக்ரோலில் அதற்குக் கட்டம் கிடையாது.